தெளிஞ்ச தண்ணியா கலங்குன தண்ணியா

ஈஸ்வரா,

எப்படிடா இருக்கற? முட்டி ஆபரேசன் முடிஞ்சு மூணு மாசம் ஆச்சே, இப்ப படி ஏற முடியுதா, தோட்டத்துப் பக்கம் போறியா இல்ல இன்னும் திண்ணையிலயேதானா? போன்ல கூப்ட்டா ரெண்டு நிமிசத்துல வெச்சுடறோம், அதான் உக்காந்து டைப் பண்றேன், பேத்தி கத்துக்குடுத்தா. இங்க எல்லாரும் சௌக்கியம். மஞ்சளக் குறைச்சுட்டு வாழ வெச்சிருக்கேன், கட்டுத்தறில ரெண்டு எருமை நிக்குது, அவ்வளவுதான் பண்ணையம்.

எழுத வந்தது எங்கூரு ஏரி விசயம். ஐப்பசி மழைல நெறஞ்சிருச்சுடா, எத்தன வருசம் கழிச்சு! ஊரே போயி பாத்துட்டு வந்துச்சு. மூணா நாள் வெடியால ஆடு மேய்க்கற பையன் ஓடி வந்து கரைக்கு வெளிப்பக்கம் அடில தண்ணி கொப்புளிக்குதுங்க, மண்ணு கலந்து வருதுங்கன்னான். போயி பாத்தா, ரெண்டு வருசம் முன்னால சீமைக்கருவேல மரத்த வெட்டுனாங்கல்ல, வெட்டுனவங்க வேரை அப்படியே விட்டுட்டுப் போயிட்டாங்க, சொல்ல வேண்டிய எடத்துல நாங்களும் சொல்லிப் பாத்தோம், அந்த எடந்தான். உள்ளங்கை அகலத்துக்கு செம்மண் கலர்ல தண்ணி ஊறி வருது, சுத்தியும் எறும்புப் புத்தாட்டம் மண்ணு வளையம் கட்டியிருக்குது. வேரு உள்ளயே மக்கிப்போயி குழாயாட்டம் ஆயிருச்சு, அது வழியா தண்ணி உள்ள இருக்கற மண்ண கொஞ்சங்கொஞ்சமா கொண்டுவந்து வெளிய கொட்டிட்டு இருக்குது. எனக்குக் கையுங்காலும் ஆடிப்போச்சு, கரைக்குக் கீழ நாப்பது வீடு இருக்குதுடா.

நான் என்ன சொன்னேன்னா களிமண்ணக் கொண்டாந்து அமுக்கி அடைச்சுப்போடுங்கன்னு. நல்லவேளை பொதுப்பணித்துறைல ரிட்டயர் ஆன செக்சன் ஆபீசர் ஒருத்தர் எங்க வீதியிலயே இருக்காரு, அவரு ஓடி வந்து அடைக்காதீங்க அடைக்காதீங்கன்னு கத்துனாரு. வெளிய அடைச்சா தண்ணி நிக்காது, உள்ளயே வேற வழி தேடி இன்னும் பெரிசா பிச்சுக்கிட்டு வரும், தண்ணி வரட்டும் மண்ணு மட்டும் வரக்கூடாது, அதுக்கு மொதல்ல ஆத்து மணல் போடு, அதுக்கு மேல பொடி ஜல்லி, அதுக்கு மேல பெரிய ஜல்லி, கடைசியா கல்லுன்னு அவரே நின்னு போட வெச்சாரு. அந்தப் பக்கம் மதகத் தொறந்து மட்டத்தக் குறைச்சோம். சாயங்காலம் பொழுதெறங்கறப்ப ஜல்லிக்கு நடுவால வந்த தண்ணி தெளிஞ்சு கண்ணாடியாட்டம் வந்துச்சு பாரு, அப்பத்தான் எனக்கு மூச்சே வந்துச்சு. ஆனாலும் ராத்திரி பூரா ஆறு பேரு டார்ச்சு வெச்சுக்கிட்டு கரையச் சுத்திக்கிட்டேதான் இருந்தோம்.

அன்னிலிருந்து எனக்கு பவானிசாகர் அணை நெனப்பாவே இருக்குது. நாம பள்ளிக்கூடம் படிக்கறப்ப ஆடி 18க்கு அணை மேல விட்டாங்க, ஒரு கோடிலிருந்து நடக்க ஆரம்பிச்சு கால் ஓஞ்சு பாதிலயே திரும்பி வந்தோமே. எட்டு கிலோமீட்டருக்கு மேல நீளம், நடுவுல ஷட்டர் இருக்கற எடம் கல்லுக்கட்டு, ரெண்டு பக்கமும் மண்ணு. ஆசியாவுலயே பெரிய மண் அணைன்னு பேப்பர்ல எழுதுவாங்க, ஒடிசால ஹிராகுட் கரையெல்லாம் சேத்தா 25 கிலோமீட்டர் வருது, அது இதவிடப் பெரிசுதான், ஆனா நமக்குச் சோறு போடறது இதுதானே. 1948-ல ஆரம்பிச்சு 55-ல முடிச்சாங்க. எங்கய்யன் அந்த வேலைல வண்டி கட்டி மண்ணு அடிச்சவரு. மண்ணப் பரப்பி தண்ணி தெளிச்சு ரோலர் விட்டு, அது கெட்டியானாத்தான் அடுத்த மண்ணு போட விடுவாங்களாம், ஒரு வரிசைக்கும் இன்னொரு வரிசைக்கும் நடுவுல ஒரு வேரு ஒரு கட்டை இருந்தாலும் எடுக்கச் சொல்லுவாங்களாம். அவரு சொல்றப்ப எனக்கு வெளங்கல, எங்கூரு ஏரிக்கரைல அந்த வேரப் பாத்த அன்னிக்குத்தான் வெளங்குச்சு.

மண் அணைன்னா கசியத்தான் செய்யும் ஈஸ்வரா, கசியாத மண் அணை கெடையாது. அந்தக் கசிவை எந்தப் பக்கம் விடணும்னு பாத்து அடில கல்லும் மணலும் போட்டு வடிகால் வெச்சு கட்டியிருப்பாங்க, வர்ற தண்ணிய அளக்கறதுக்கும் எடம் இருக்கும். மட்டம் ஏறுனா கசிவும் கொஞ்சம் ஏறும், அது சரி. மட்டம் ஏறாம கசிவு மட்டும் ஏறுனாலோ, தெளிவா வந்தது கலங்கலா வந்தாலோ அப்பத்தான் ஆபத்து. அமெரிக்கால டீட்டன்னு ஒரு பாசன அணை, 1976 ஜூன் 5, மொத மொத தண்ணி நெரப்புறாங்க, காலைல கலங்கல் தண்ணி வந்ததப் பாத்துட்டு புல்டோசர் வெச்சு ஓட்டைய அடைக்கப் பாத்தாங்க, புல்டோசரே உள்ள போயிருச்சு, மத்தியானம் 12 மணிக்கு அணை இல்ல. 300 அடி அணைடா, அஞ்சாறு மணி நேரம் கூட நிக்கல. மகாராஷ்டிரால திவரே அணை 2019 ஜூலைல உடைஞ்சப்ப கசிவு இருக்குதுன்னு கீழ இருந்த ஊருக்காரங்க முன்னாடியே சொல்லியிருந்தாங்க, உடைஞ்சதுக்கு அப்புறம் நண்டு ஓட்டை போட்டுருச்சுன்னு ஒரு மந்திரி சொன்னாரு. நண்டு போட்ட ஓட்டையாவே இருக்கட்டும், அதப் பாக்கறதுக்கு ஆள் எங்க போனான்? ஆனா மத்தியப் பிரதேசத்துல கரம் அணை, 2022 ஆகஸ்ட், கசிவக் கண்ட ஒடனே 18 ஊரைக் காலி பண்ணி, பக்கத்துல வாய்க்கா வெட்டி தண்ணிய வடிச்சு விட்டாங்க, ஒரு உசுரு போகல.

இன்னொண்ணு. அக்டோபர் முடியற வரைக்கும் பவானிசாகர்ல 102 அடிக்கு மேல நிறுத்தாம ஆத்துல விட்டுடறாங்க, நவம்பர்லதான் 105 வரைக்கும் ஏத்தறாங்கன்னு நாம டீக்கடைல உக்காந்து எத்தன நாள் திட்டியிருப்போம். நான் இனிமே திட்ட மாட்டேன். திடீர்னு மேல நீலகிரில மழை அடிச்சா அந்த மூணு அடிதான் வர்ற வெள்ளத்தத் தாங்கற எடம். கல்லுக்கட்டு அணைன்னா மேல வழிஞ்சாலும் கொஞ்ச நேரம் தாங்கும், மண்கரை மேல வழிஞ்சா அரிச்சுக்கிட்டே போயிரும்.

2021-ல அணை பாதுகாப்புச் சட்டம் வந்துச்சு, மழைக்கு முன்னாடி ஒருக்கா மழைக்குப் பின்னாடி ஒருக்கா கட்டாயம் பாக்கணும்னு. நல்ல சட்டம். ஆனா அது பெரிய அணைகளுக்கு, எங்கூரு ஏரிக்கரை அதுல வராது. முன்னெல்லாம் கரையக் காவல் பாக்கற லஸ்கர் ஒருத்தரு கம்பும் மம்முட்டியும் எடுத்துட்டு கரையோட நடந்துக்கிட்டே இருப்பாரு, எலி வளை எங்க, கரையான் புத்து எங்க, எந்த எடத்துல புல்லு வெய்யக்காலத்துலயும் பச்சையா நிக்குது எல்லாம் அவருக்குத் தெரியும். மீட்டரு வெக்கட்டும் கேமரா வெக்கட்டும், வேண்டாங்கல, ஆனா காலு ஈரமாகற எடத்துல நின்னு குனிஞ்சு பாக்கறதுக்கு ஒரு மனுசன் வேணும்டா.

கீழ்பவானி வாய்க்காக்கு கான்கிரீட் போடற விசயத்துல நீயும் நானும் ஒரு வருசம் பேசாம இருந்தோம். அந்தக் கசிவு எனக்குக் கெணத்துத் தண்ணி, உனக்கு கடைமடைக்கு வந்து சேராத தண்ணி. 700 கோடிக்கு மேல போட்டு அத அடைக்கறது தப்புன்னு நான் இன்னும்தான் சொல்லுவேன், நீயும் உன்ற பேச்ச மாத்த மாட்ட. இருக்கட்டும். ஆனா கரையில மரம் மொளைக்க விடக்கூடாது, எலி வளைய அடைக்கணும், ஆளு நடக்கணும்ங்கறதுல நமக்குள்ள சண்டையே இல்லியே, அத ரெண்டு பேரும் சேந்து கேக்கலாம். உன்ற பாசன சபைல பேசிப் பாரு.

தை பொறந்து தண்ணி எறங்குனதும் அந்த வேரை முழுசாத் தோண்டி எடுத்துட்டு நல்ல மண்ணு போட்டு திம்சு கட்டையால இடிச்சு கெட்டி பண்றதுன்னு ஊர்ல பேசியிருக்கோம், அந்த செக்சன் ஆபீசர் கூட நிக்கறேன்னு சொல்லியிருக்காரு. முட்டி சரியாயிருந்தா பஸ் ஏறி வா, நீ வேலை ஒண்ணும் செய்ய வேண்டாம், கரை மேல சேர் போட்டு உக்காந்துக்க. வர்றப்ப உன்ற தோட்டத்து எள்ளு ரெண்டு கிலோ எடுத்துட்டு வா, அம்மிணி கேட்டா.

உன்
மணி