கோலத்தைக் கழுவினீர்கள், மின்தூக்கியை ஏன் விட்டீர்கள்?

சிங்கப்பூரில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பைப் பராமரிக்கும் நகர மன்றத்தாருக்கு,

வணக்கம். போன பொங்கலன்று விடிகாலையில், ஏழாவது மாடியில் என் வாசலில் ஒரு கோலம் போட்டேன். அரிசி மாவு, ஓரத்தில் கொஞ்சம் காவி. இரண்டடி அகலம்கூட இருக்காது. பத்தரை மணிக்குப் பானையை இறக்கிவைத்துவிட்டு வெளியே வந்தால் வாசல் ஈரமாகக் கிடந்தது. தண்ணீர்க் குழாயோடு நின்ற துப்புரவாளர் தஞ்சாவூர்ப் பக்கத்துத் தம்பி. “புகார் வந்துச்சாம் அக்கா, கழுவச் சொல்லிட்டாங்க. பொங்கலும் அதுவுமா எனக்கே மனசு வரல” என்றார். அவர்மேல் எனக்குக் குறையில்லை.

அன்று காலையிலேயே மின்தூக்கியில் யாரோ சிறுநீர் கழித்திருந்தார்கள். மறுநாள் மதியம்வரை மூக்கைப் பொத்திக்கொண்டுதான் ஏறி இறங்கினோம். எண்பதுகளில், சிறுநீர் பட்டால் மின்தூக்கியை நிறுத்தி ஆளை உள்ளேயே பிடித்துவைக்கும் கருவியெல்லாம் இந்த ஊரில் வைத்திருந்தார்கள். அந்தக் கண்டிப்பு இப்போது மாவுக்கோலத்தின்மேல் திரும்பிவிட்டதோ என்னவோ.

நான் பிறந்தது 1968இல். அப்போதைய பிரதமர் திரு லீ குவான் இயூ தூய்மை இயக்கத்தைத் தொடங்கிய அதே வருடம். அபராதத்தோடு வளர்ந்தவள் நான், அதைக் குறை சொல்லவில்லை. உணவங்காடி நிலையங்களில் தட்டை எடுத்துவையுங்கள் என்று வருடக்கணக்கில் கெஞ்சிப் பார்த்தார்கள். 2021 செப்டம்பரில், முதல் முறை எச்சரிக்கை, இரண்டாம் முறை 300 வெள்ளி (டாலர்) அபராதம் என்று வந்தபிறகுதான் பலருடைய கையும் தட்டை எடுக்க நீண்டது. என் கையும்தான். அதற்குமுன் தேக்கா உணவங்காடியில் சாப்பிட்டுவிட்டு அப்படியே எழுந்து போனவர்களில் நானும் ஒருத்தி.

ஆனால் அழுக்கு வேறு, ஆள் குடியிருக்கும் அடையாளம் வேறு. எச்சில் தட்டில் புறா வந்து உட்காரும், அந்த மேசையில் அடுத்து யாரோ ஒரு குழந்தை சாப்பிடும். அதனால் அது அழுக்கு. கோலம் யாரை என்ன செய்தது? தீயணைப்புக்கு நடைபாதையில் 1.2 மீட்டர் வழி வேண்டும் என்றீர்கள். சரி என்று செருப்பு அலமாரியை உள்ளே எடுத்துக்கொண்டேன், துளசித் தொட்டியைச் சன்னலுக்குள் கொண்டுபோனேன். கோலத்தில் யாரும் இடறி விழப்போவதில்லை.

எறும்பு வருகிறது என்பதுதான் புகார் என்றால், அதில் நியாயம் உண்டு. எறும்புக்குத் தீனி போடத்தான் அரிசி மாவு என்பார் என் ஆயா. அவருக்கு இருந்தது மண் வாசல். எனக்கு இருப்பது பக்கத்து வீட்டுக்காரரின் கதவிலிருந்து மூன்றடி தள்ளி ஒரு சிமெண்டுத் தரை. அவருடைய சமையலறைக்குள் எறும்பு போனால் என் புண்ணியக் கணக்கு அவருக்கு எதற்கு?

நம்மவர்களும் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. அமாவாசைக்குக் கைப்பிடிச் சுவரில் காக்கைக்குச் சோறு வைக்கிறோம். வருவது காக்கை மட்டுமில்லை, புறாவும் மைனாவும்தான் கூட்டமாக வருகின்றன. மிச்சச் சோறு கீழ்மாடியில் காயும் துணிமேல் விழுகிறது. வனவிலங்குகளுக்குத் தீனி போடுவது 2020 முதல் சட்டப்படி குற்றமும்கூட. நான் நிறுத்திவிட்டேன். வீட்டுக்குள்ளேயே இலை போட்டுக் கும்பிட்டுக்கொள்கிறேன். அப்பா கோபித்துக்கொள்வாரோ என்று முதல் மாதம் உறுத்தியது, அப்புறம் பழகிவிட்டது.

உங்களிடம் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. புகார் வந்தால் குழாயை அனுப்புமுன் ஒருமுறை கதவைத் தட்டுங்கள். பண்டிகை நாளில் கோலத்துக்கு மாலைவரை நேரம் கொடுங்கள். அடுத்த பொங்கலுக்கு அரிசி மாவை விட்டுவிட்டுச் சாக்பீஸ் பொடியில் போடுகிறேன், ஆறு மணிக்கு நானே ஈரத்துணியால் துடைத்துவிடுகிறேன். மிச்சமாகும் தண்ணீரை மின்தூக்கிக்குக் கொடுங்கள்.

அப்புறம், அந்தத் தம்பி இன்னும் எங்கள் புளோக்கில்தான் வேலை செய்கிறாரா என்று தெரியப்படுத்த முடியுமா? பொங்கலுக்கு இங்கே விடுமுறை கிடையாது, அவர் அன்றைக்கு என்ன சாப்பிட்டாரோ. பானை நிறையப் பொங்கல் இருந்தும், இருந்த ஆத்திரத்தில் ஒரு கிண்ணம் எடுத்துக் கொடுக்க எனக்குத் தோன்றவில்லை.

இப்படிக்கு,
ஏழாவது மாடிக் குடியிருப்பாளர்