பொட்டு அடைபட்ட செய்தி

கொக்குவில்
18.09.2024

அன்பின் மச்சான்,

இங்கு யாவரும் நலம். நீயும் மனைவி, பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். சித்திரையில் வந்த உன் கடிதத்துக்குப் புரட்டாதியில் பதில் எழுதுவது எனக்கே உறுத்தலாக இருக்கிறது. நீ கேட்டிருந்தவற்றுக்கு முதலில் மறுமொழி: எனது சீனி வருத்தம் கட்டுக்குள் இருக்கிறது, கணக்கு வாத்தியார் தொண்ணூறைத் தாண்டியும் இம்முறை நல்லூர்த் தேருக்கு நடந்தே போய் வந்தார், சேவல் விடயத்தை நான் இன்றுவரை எவரிடமும் வாய் திறந்து சொல்லவில்லை, இனியும் சொல்ல மாட்டேன்.

இனி எழுத வந்த செய்தி. உன் சின்னம்மா வளவின் ஒழுங்கைப் பக்கத்து வேலி, தென்னோலை பின்னிய அந்தக் கிடுகு வேலி, போய்விட்டது. ஆவணி பிறந்த கையோடு வேலிக்கு நட்டிருந்த கதியால் தடிகளைக் கிளப்பி, அத்திவாரம் வெட்டி, சீமெந்துக் கல்லால் ஆளுயர மதில் எழுப்பி, பூசி, வெள்ளையும் அடித்துவிட்டார்கள். எங்கள் ஒழுங்கையில் எஞ்சியிருந்த கடைசிக் கிடுகு வேலி அதுதான். நீ தலையை நீட்டுகிற வேலி இடைவெளி, அந்த உன் பொட்டும் அதோடு அடைபட்டுப் போயிற்று. சின்னம்மாவைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. வேலி அடைக்கத் தெரிந்த ஆட்களைத் தேடிப் பிடிப்பதே வருடாவருடம் பெரிய அலுவலாகிவிட்டது. பாரிஸில் இருக்கும் பேரனும், தனியே இருக்கிற மனுசிக்கு மதில்தான் பாதுகாப்பு என்று பிடிவாதமாக நின்று காசு அனுப்பினான்.

இதை மட்டும் சொல்வதென்றால் போனே போதும். ஆனால் அந்த வேலியை நான் கடந்த நான்கரை வருடங்களில் அறுநூறுக்கும் மேற்பட்ட படங்கள் எடுத்து வைத்திருக்கிறேன் என்று சொன்னபோது நீ சிரித்தாய். "கலியாணம், சாமத்தியவீடு எடுக்கிறவங்களைக் கண்டிருக்கிறன், வேலியைப் படமெடுக்கிறவனை இப்பதான் காணுறன்" என்றாய். அன்று போனில் ஒழுங்காகப் பதில் சொல்ல எனக்கு வரவில்லை. இன்று ஆறுதலாக இருந்து சொல்லப் போகிறேன். நீயும் ஆறுதலாக வாசி.

2019 டிசம்பர் 26 காலையில், சூரியன் வளையமாகத் தெரிகிற கங்கண சூரிய கிரகணம் யாழ்ப்பாணத்துக்கு மேலாகப் போனது. பொடியள் எல்லோரும் கறுப்புக் கண்ணாடியும் கையுமாக வெளியில் நின்றார்கள். நான் வானத்தைப் பார்க்கப் பயந்து, சின்னம்மா வீட்டு முற்றத்தில் குனிந்த தலையோடு நின்றேன். கிழக்கு வெயில் கிடுகு ஓட்டைகளுக்குள்ளால் வந்து, கூட்டித் தெளித்த நிலத்தில் காசு காசாக விழுந்து கிடப்பதை நீ அறிவாய். சிறுவயதில் அவற்றை உள்ளங்கையில் ஏந்தி, ஆருக்கு எத்தனை காசு என்று எண்ணி விளையாடியிருக்கிறோம். அன்று அந்தக் காசுகள் மெல்ல மெல்லப் பிறையாகத் தேய்ந்தன. பிறகு, ஒன்பதரை மணி போல, முற்றத்தில் கிடந்த நூற்றுக்கணக்கான பிறைகளும் வளையல்களாகிவிட்டன. ஒவ்வொரு ஓட்டைக்கும் ஒரு வளையல். சில நிமிடங்கள்தான். சின்னம்மா விறாந்தையில் இருந்தபடியே "கிரகணத்துக்கை முத்தத்திலை நில்லாதை" என்று கத்திக்கொண்டிருந்தார். நான் கையில் இருந்த போனால் ஒரே ஒரு படம் எடுத்தேன். என் வாழ்நாளில் எவரும் கேட்காமல், எந்த விசேடமும் இல்லாமல், எனக்காக நான் எடுத்த முதற்படம் அது.

அதன் பிறகுதான் விடயத்தைப் படித்து விளங்கிக்கொண்டேன். ஓட்டை முக்கோணமோ நீளமோ எந்த வடிவமாக இருந்தாலும், அது போதுமான அளவு சிறிதாகவும் நிலம் போதுமான தூரத்திலும் இருந்தால், நிலத்தில் விழுவது ஓட்டையின் வடிவம் அல்ல, சூரியனின் பிம்பம். வில்லை இல்லாத ஊசித்துளைக் கமராவின் வேலை முழுவதும் அவ்வளவுதான். அப்படியென்றால், மச்சான், நாங்கள் உள்ளங்கையில் ஏந்தி விளையாடியது அத்தனையும் சூரியனின் படங்கள். அந்த வேலியே ஒரு கமராவாக இத்தனை காலமும் எங்கள் முற்றத்தில் படம் போட்டுக்கொண்டிருந்திருக்கிறது. இதை அறிந்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை.

அடுத்த வருடம் மகள் தான் பாவித்த நிக்கோன் கமராவையும் 50 மில்லிமீற்றர் வில்லை ஒன்றையும் அனுப்பி வைத்தாள். அறுபது கடந்த பிறகு இது எதற்கு என்று கூச்சமாக இருந்தது. அப்போதுதான் யூலியா மார்கரெட் கமரன் என்ற ஆங்கிலேயப் பெண்ணைப் பற்றி வாசித்தேன். 1863 இல், தனது 48 ஆவது வயதில், மகளும் மருமகனும் பரிசாகக் கொடுத்த கமராவோடுதான் அவர் படமெடுக்கத் தொடங்கினார். வீட்டு வேலைக்காரப் பெண்ணையும் அயலவரையும் பிள்ளைகளையும் இருத்தி எடுத்த அவருடைய முகப்படங்களை இன்றும் உலகம் பார்க்கிறது. 1875 இல் எங்கள் நாட்டுக்கே குடிவந்து, களுத்துறையில் இருந்தவர்களைப் படமெடுத்து, 1879 இல் இங்கேயே இறந்து, பொகவந்தலாவையில் அடக்கமாகியிருக்கிறார். அவரும் மகள் தந்த கமராவோடு தொடங்கியவர் என்று அறிந்ததும் என் கூச்சம் போய்விட்டது.

முதல் ஆறு மாதமும் நான் எடுத்தவற்றில் சரியாக வந்தவை மிகச் சில. சின்னம்மாவை வேலியோரம் கதிரை போட்டு இருத்தி எடுத்த படத்தில் அவருடைய வெள்ளைச் சீலை சாம்பல் நிறமாக வந்துவிட்டது. படத்தைப் பார்த்தவர் மனம் நொந்து, "என்ர சீலையைச் சவுக்காரம் போட்டுத் தோய்ச்சுத்தானே உடுத்தனான்" என்றார். எனக்குப் பெரும் துக்கமாகப் போயிற்று. ஒரு வாரம் மண்டையை உடைத்த பிறகே விளங்கியது: கமராவின் ஒளிமானி எதைக் கண்டாலும் அதை நடுச்சாம்பல் என்று எடுத்துக்கொண்டுதான் கணக்குப் போடுகிறது. வெள்ளையைக் கண்டால் வெளிச்சம் கூடிவிட்டது என்று எண்ணிக் குறைக்கிறது. கறுப்பைக் கண்டால் கூட்டுகிறது. வெள்ளை வெள்ளையாக வர வேண்டுமென்றால் அது சொல்லும் அளவுக்கு மேலாக ஒன்று, ஒன்றரைப் படி வெளிச்சத்தை (ஒரு படி கூட்டினால் வெளிச்சம் இரட்டிக்கும்) நாங்கள்தான் வலிந்து கொடுக்க வேண்டும். வெள்ளைச் சீலையும் வேட்டியும் சுண்ணாம்புச் சுவரும் திருநீறுமாக இருக்கிற ஊரில் படமெடுப்பவனுக்கு இதைவிட முக்கியமான பாடம் வேறு இல்லை. மறுபடி எடுத்துக் கொண்டுபோய்க் காட்டியபோது சின்னம்மா படத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு, "இப்ப சரி" என்று மட்டும் சொன்னார்.

வெயிலையும் இப்போதுதான் படிக்கிறேன். காலை ஏழு மணிக்கு முன்னரும் மாலை ஐந்தரைக்குப் பின்னரும் உள்ள ஒளிதான் நல்லது என்று எல்லோரும் சொல்வார்கள். நாங்கள் பூமத்திய ரேகைக்குக் கிட்ட இருப்பதால் அந்த ஒளி இங்கே கொஞ்ச நேரம்தான் நிற்கும், கமராவை உறையிலிருந்து எடுப்பதற்குள் போய்விடும். ஆனால் உச்சி வெயிலிலும் ஒரு அதிசயம் இருக்கிறது. சித்திரை வருடப்பிறப்பை ஒட்டிய ஓரிரு நாளிலும், மறுபடி ஆகஸ்ட் கடைசியிலும் யாழ்ப்பாணத்தில் சூரியன் நேர் தலைக்கு மேல் வருகிறது. இம்முறை சித்திரையில் பன்னிரண்டு மணி தாண்டியதும் குடையும் கமராவுமாகப் போய், படலைத் தூணான கப்பின் அடியில் நிழலே இல்லாமல் நிற்பதைப் படமெடுத்தேன். கப்பு நிலத்தைத் தொடாமல் அந்தரத்தில் நிற்பது போல இருந்தது. ஒழுங்கையால் சைக்கிளில் போன சங்கக்கடை அண்ணை நின்று, கப்பையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தானும் இறங்கித் தன் சைக்கிளின் நிழலைத் தேடினார். இரண்டு கிழவர்கள் உச்சி வெயிலில் நிழல் தேடி நின்றோம். எழுபது வருடமாக இந்த ஊரில் இருக்கிறேன், இதைக் கவனித்ததில்லையே என்று அவர் சொன்னபோது அவருடைய முகத்தையும் எடுத்தேன். நான் எடுத்த முகங்களில் அதுதான் ஆகச் சிறந்தது.

இனிச் சொல்லப் போவதை நான் வீட்டாரிடமும் சொன்னதில்லை. யுத்தத்தால் ஊரே இடம்பெயர்ந்த 1995 ஒக்ரோபர் 30 இரவு எல்லோரோடும் நாங்களும் நாவற்குழிப் பக்கமாக நடந்தபோது, வீட்டு அல்பத்தை அலுமாரிக்குள் விட்டுவிட்டுப் போனோம். அடுத்த வருடம் திரும்பி வந்து பார்த்தபோது அலுமாரியும் இல்லை, அல்பமும் இல்லை. அம்மாவின் படம் என்று என்னிடம் இருப்பது அடையாள அட்டையில் இருந்து பெருப்பித்து எடுத்த ஒன்றுதான். அதில் அம்மா யாருக்கோ பயந்தவர் போல இருக்கிறார். அந்த அல்பத்தை ஏன் தூக்கிக்கொண்டு போகவில்லை என்று இருபது வருடத்துக்கு மேல் என்னை நானே கடிந்துகொண்டிருந்தேன்.

கமரா கைக்கு வந்த பிறகு ஒரு நாள், அந்த அல்பத்தில் என்னென்ன படங்கள் இருந்தன என்று ஒரு கொப்பியில் எழுதிப் பார்த்தேன். அப்பா அம்மாவின் கலியாணம்; ஸ்ரூடியோத் திரைக்கு முன்னால் எனக்கு ஒரு வயது; அக்காவின் சாமத்தியவீடு; பாடசாலைக் குழுப்படம், அதில் நீ கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறாய்; அப்பப்பாவின் செத்தவீடு. பக்கம் நிரம்பவில்லை. அதில் இருந்த ஒருவரும் தாம் எப்படி இருப்பாரோ அப்படி இல்லை. அம்மா குசினியில் குந்தி இருந்து ஊதுகுழலால் ஊதுகிற படம் அதில் இல்லை. அப்பா கிணற்றடியில் தலை துவட்டுகிற படம் இல்லை. வேலி இல்லை, படலை இல்லை, நீ பொட்டுக்குள்ளால் தலையை நீட்டுகிற படம் இல்லை. அல்பம் தப்பியிருந்தாலும், நான் தேடுகிற அம்மா அதற்குள் இருந்திருக்க மாட்டார். அவரை எவரும் எடுக்கவே இல்லை. 36 படம் கொண்ட பிலிம் றோலைக் கலியாணத்துக்கும் கடவுச்சீட்டுக்கும் சிக்கனமாகச் செலவழித்த சனம் நாங்கள். பிறகு வந்த காலத்தில் கமராவைத் தோளில் போட்டுக்கொண்டு வீதியில் நடப்பதையே எவரும் நினைத்துப் பார்க்கவில்லை. யாரையும் பிழை சொல்வதற்கில்லை. ஆனால் இன்று என் கையில் கமரா இருக்கிறது, பிலிம் செலவும் இல்லை. ஆகவே நான் வேலியை எடுக்கிறேன். பல் விளக்குகிற மனைவியை எடுக்கிறேன், ஏச்சும் வாங்குகிறேன். மீன்காரர் தராசைப் பிடிக்கிற விரல்களை எடுக்கிறேன்.

இதில் இருக்கும் சந்தோஷத்தை எப்படி எழுதுவது என்றுதான் தெரியவில்லை. போன வருடம் புரட்டாதியில் அந்த வேலியைக் கடைசித் தடவையாக அடைத்தார்கள். ஒருவர் ஒழுங்கையில், மற்றவர் வளவுக்குள். வெளியே நின்றவர் குத்தூசியைக் கிடுகுக்குள்ளால் குத்துவார். உள்ளே நின்றவர் அதன் காதில் கயிற்றைக் கோத்து விடுவார். ஊசி கயிற்றை இழுத்துக்கொண்டு திரும்பப் போகும். இருவரும் ஒருவரையொருவர் பார்ப்பதே இல்லை, "இஞ்சை", "ம்", "விடு" என்ற மூன்று சொற்களோடு வேலை நடந்தது. நான் உள்ளே குந்தி இருந்து, ஊசி முனை கிடுகைத் துளைத்துக்கொண்டு வெளிவருகிற கணத்துக்காக இரண்டு மணித்தியாலம் காத்திருந்தேன். எங்கே வரும் என்று தெரியாது. பச்சை ஓலையில் ஒரு சின்ன நெளிவு தெரியும், அடுத்த கணம் முனை வந்துவிடும். அந்த நெளிவைக் கண்டுபிடிக்கக் கண் பழகிய பிறகு, படம் வந்ததா வரவில்லையா என்பதையே மறந்துவிட்டேன். முழங்கால் வலி, சீனி, காசோலை, கரண்ட் பில் ஒன்றும் நினைவில் இல்லை. அப்படி இரண்டு மணித்தியாலம் கடைசியாக எப்போது இருந்தேன் என்று யோசித்தால், நீயும் நானும் கீரிமலைக் கேணியில் நீந்திய காலத்துக்குத்தான் போக வேண்டும்.

மதில் வந்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை, உண்மையைச் சொல்கிறேன். ஒரு கிழமை அந்தப் பக்கம் போகவே இல்லை. பிறகு சின்னம்மா கூப்பிட்டு அனுப்பினார் என்று காலையில் போனேன். எதிர்வளவு முருங்கையின் நிழல் புது வெள்ளைச் சுவர் முழுவதும் விழுந்து, சோளகக் காற்றில் அசைந்துகொண்டிருந்தது. வேலியாக இருந்த காலத்தில் அந்த நிழல் கிடுகுக்குள் ஒளிந்துவிடும், நாங்கள் கண்டதே இல்லை. கமராவை எடுத்துவரத் திரும்பி வீட்டுக்கு ஓடினேன். ஒன்றேகால் படி கூட்டி வைத்து எடுத்தேன். சுவர் வெள்ளையாகவே வந்திருக்கிறது. ஆனால் முற்றத்துக் காசுகள் இனி இல்லை, மச்சான். அது அது, இது இது.

உன்னிடம் ஒரு கோரிக்கை. நீ அனுப்பும் படங்களில் எல்லாம் நீங்கள் மண்டபங்களில் கோட்டும் பட்டுச்சேலையுமாக வரிசையில் நிற்கிறீர்கள். நாற்பது வருடமாக நீ ரொறன்ரோவில் இருக்கிறாய். உன் குசினி எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. நீ எந்தக் கோப்பையில் தேத்தண்ணி குடிக்கிறாய், சப்பாத்தை எங்கே கழற்றி வைக்கிறாய், காலையில் யன்னலால் பார்த்தால் முதலில் கண்ணில் படுவது என்ன, ஒன்றுமே தெரியாது. போனிலேயே எடு, கை ஆடினாலும் பரவாயில்லை. ஆட்களைச் சிரிக்கச் சொல்லாதே.

இதோடு மூன்று படங்கள் வைத்திருக்கிறேன். ரவுணில் பிரதி எடுத்து, பின்பக்கத்தில் திகதியும் எழுதியிருக்கிறேன். ஒன்று கிரகணத்து வளையல்கள். மற்றது குத்தூசி. மூன்றாவது உன் பொட்டு, வேலி பிரிப்பதற்கு முதல் நாள் எடுத்தது. அதற்குள்ளால் தெரிகிற கால்கள் சின்னம்மாவினுடையவை. அவர் உன்னை விசாரித்தார், ஞாயிற்றுக்கிழமை போன் எடு. காலை பத்துக்கு முன் எடுக்காதே, கோயிலுக்குப் போய்விடுவார்.

அன்புடன்,
உன் பழைய வாங்குக்காரன்