மாத்திரை கவரில் தமிழில் எழுதித் தாருங்கள்

வடசென்னை அரசு மருத்துவமனைகளில் மாத்திரை எழுதித் தரும் மருத்துவர்களுக்கும், மருந்துக் கவுண்டரில் இருக்கும் மருந்தாளுநர்களுக்கும், அவர்களுக்கு மேலே பொறுப்பில் இருப்பவர்களுக்கும் வணக்கம்.

போன மாதம் ஒரு நாள் விடிகாலை இரண்டே முக்கால் மணிக்கு என் அம்மா மாடிப்படியில் உருண்டு விழுந்தார். காசிமேடு மீன் ஏலத்துக்குக் கிளம்பியவர், கையில் அன்னக்கூடை. வலது மணிக்கட்டு உடைந்தது. மாவுக்கட்டு போட்ட இடத்தில், "பார்த்து இறங்கக் கூடாதாம்மா?" என்று கேட்டார்கள். முப்பது வருஷமாக அதே படியில், அதே இருட்டில் இறங்குகிறவர் அவர். அன்றைக்குக் கால் தடுமாறியதற்குக் காரணம் படி இல்லை, மாத்திரை. எந்த மருத்துவமனை என்று இங்கே சொல்லப்போவதில்லை. யாரையும் மாட்டிவிடுவதற்காக இதை எழுதவில்லை.

அம்மாவுக்கு இதயம் பலவீனம், கால் வீக்கம். அதற்கு நீர் மாத்திரை, அதாவது சிறுநீர் அதிகம் போக வைக்கும் ஃபுரோஸமைடு, சாப்பிடுகிறார். கவரில் நீல மையில் 1-0-1 என்று இருந்தது. "காலைல ஒண்ணு, நைட்டு ஒண்ணு" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள். அம்மாவும் சொன்னபடியே ராத்திரி ஒன்பது மணிக்கு அதைப் போட்டுக்கொண்டு படுப்பார்.

வாயில் போட்டு ஒரு மணி நேரத்துக்குள் வேலையைத் தொடங்கி, ஆறு மணி நேரம் போல விடாமல் செய்யும் மருந்து அது. உங்களுக்குத் தெரியாதது இல்லை. எங்கள் மாடியில் ஆறு குடித்தனத்துக்கு ஒரு கழிப்பறை, அதுவும் கீழே. பத்து மணிக்கு ஒரு தடவை, பதினொன்றுக்கு ஒரு தடவை, பன்னிரண்டரைக்கு ஒரு தடவை, அப்புறம் ஒன்றரைக்கு. நான் படுத்தபடியே கேட்டுக்கொண்டிருப்பேன். தாழ்ப்பாளைச் சத்தமில்லாமல் விலக்குவார். யாரையும் எழுப்பிவிடக் கூடாது என்று செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்குவார். கீழே வாளியில் தண்ணீர் விழுகிற சத்தம் வந்தால்தான் எனக்கு மூச்சு வரும். இரண்டரைக்கு மறுபடி எழுந்து ஏலத்துக்குப் போக வேண்டும். பகலில் வியாசர்பாடித் தெருக்களில் கூடையைச் சுமந்தபடி கண் சொருகி நிற்பதாக, மீன் வாங்குகிறவர்களே என்னிடம் சொன்னார்கள்.

அடுத்த முறை போனபோது, "ராத்திரி தூக்கமே இல்ல டாக்டர்" என்றார் அம்மா. ஏன் இல்லை என்று யாரும் கேட்கவில்லை. தூக்கத்துக்கு டயஸிபாம் எழுதித் தந்தார்கள். ஒரு மாத்திரை கெடுத்த தூக்கத்துக்கு இன்னொரு மாத்திரை. டயஸிபாம் ஒரே ராத்திரியில் உடம்பை விட்டுப் போகிற மருந்தும் இல்லை. வயதானவர்கள் உடம்பில் நாள்கணக்கில் தங்கி மந்தத்தையும் தடுமாற்றத்தையும் கொடுக்கும். நான்காவது நாள் விழுந்தார்.

விழுந்த கோபத்தில் எல்லா மாத்திரையையும் தூக்கிப் பரணில் போட்டுவிட்டார். ஐந்தே நாளில் கால் வீங்கி, மல்லாந்து படுக்க முடியாமல் மூச்சு முட்டியது. அப்போதுதான் ஜி.ஏ. ரோடு பக்கம் மருந்துக்கடையில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் அந்தக் கவரை வாங்கிப் பார்த்தார். "அக்கா, ரெண்டாவது மாத்திரைய மதியம் ரெண்டு மணிக்கே குடுத்திருக்கலாமே, டாக்டர்கிட்ட கேளுங்க" என்றார். கேட்டோம். டாக்டர் உடனே மாற்றித் தந்தார், தூக்க மாத்திரையையும் நிறுத்தச் சொன்னார். 1-0-1 இருந்த இடத்தில் இப்போது 1-1-0. அம்மா ராத்திரியில் ஒரு தடவைதான் எழுந்திருக்கிறார். ஒரு சுழி இடம் மாறுவதற்கு ஒரு கை உடைய வேண்டியிருந்தது.

கட்டு இன்னும் பிரிக்கவில்லை. சும்மா இருக்க முடியாமல் இடது கையால் ஒரு கிழங்கா மீனைச் செதில் எடுக்கப் பார்த்தார். அது நழுவி நழுவித் தரையில் விழ, மூன்றாம் தடவை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். வியாபாரம் நின்றாலும், கடன் கொடுத்துத் தினமும் வசூலிக்கும் தண்டல்காரர் வருவது நிற்கவில்லை.

நான் கேட்பது இவ்வளவுதான். மாத்திரை எழுதும்போது, "என்ன வேலை, எத்தனை மணிக்கு எழுந்திருப்பீங்க?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். கொடுக்கும்போது கவரில் தமிழில் ஒரு வரி எழுதுங்கள்: மதியம் 2 மணிக்குள். தூக்கம் வரும், வண்டி ஓட்ட வேண்டாம். ராத்திரி போட்டால் தூக்கம் கெடும்.

அம்மாவுக்கு மட்டும் கேட்கவில்லை. எங்கள் பக்கத்து வீட்டு அண்ணன் கண்டெய்னர் லாரி ஓட்டுகிறார். துறைமுகத்துக்குள் நுழைய ராத்திரி முழுக்க எண்ணூர் நெடுஞ்சாலையில் வரிசையில் காத்திருப்பவர். சளிக்குக் கொடுத்த குளோர்பெனிரமின் மறுநாளும் கண்ணை இழுக்கும் என்று அவருக்கு யார் சொன்னது? நைட் ஷிஃப்ட் போய்ப் பகலில் தூங்குகிறவருக்கு "நைட்டு ஒண்ணு" என்றால் என்ன அர்த்தம்? இழுப்புக்குத் தரும் டெரிஃபிலின், காபியில் இருக்கும் பொருளுக்குப் பங்காளி. படுக்கப் போகும்போது போட்டால் சிலருக்குப் படபடப்பில் தூக்கம் பிடிக்காது. பிரட்னிசலோன் என்ற ஸ்டீராய்டைக் காலையில் சாப்பிடுவதுதான் தூக்கத்துக்கு நல்லது. சில பிரஷர் மாத்திரைகள் ஆளையே சோர்வாக்கிவிடும். இது எதுவும் தெரியாததால்தான் ஜனங்கள் தாமாகவே நிறுத்திவிடுகிறார்கள். பிரஷர் மாத்திரையையும் ஸ்டீராய்டையும் திடீரென்று நிறுத்தினால் என்ன ஆகும் என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும்.

எச்சரிக்கை மாத்திரை அட்டையிலேயே இருக்கிறது என்று சொல்லாதீர்கள். இருப்பது ஆங்கிலத்தில். கத்தரிக்கோலால் நறுக்கித் தரும்போது அதுவும் பாதி போய்விடுகிறது. பிரான்சில் தூக்கம் வரவைக்கும் மருந்துப் பெட்டியில் முக்கோணத்துக்குள் கார் படம் போட்டு, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று மூன்று நிலை காட்டுகிறார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் புரியும். மருந்து வாங்கி விநியோகிக்க 1994இலேயே தனிக் கழகம் அமைத்த மாநிலம் இது. 2021இலிருந்து பிரஷருக்கும் சர்க்கரைக்கும் வீடு தேடி மாத்திரை வருகிறது. இவ்வளவு தூரம் வந்த மாத்திரையோடு ஒரு வரி தமிழ் வருவதற்கு என்ன தடை? எங்கள் ஜனங்களிடம் சொன்னாலும் புரியாது என்று நினைக்கிறீர்களா? வாங்குகிற விலையையும் விற்கிற விலையையும் தண்டல் பாக்கியையும் மனசிலேயே கணக்குப் போடுகிறவர் என் அம்மா. மதியம் இரண்டு மணி என்றால் அவருக்குப் புரியும்.

குரல் உயர்ந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு எத்தனை பேரைப் பார்க்கிறீர்கள் என்பதை வரிசையில் நின்று நானும் பார்த்திருக்கிறேன். ஆள் போதாது என்றால் ரப்பர் ஸ்டாம்ப் செய்து வைத்துக்கொள்ளலாம். கவரில் ஒரு குத்து, அவ்வளவுதான்.

வருகிற செவ்வாய்க்கிழமை அம்மாவுக்கு மாத்திரை வாங்க வருகிறேன். தயவுசெய்து அவருக்கும், அவருக்குப் பின்னால் நிற்பவருக்கும், கவரில் நேரத்தைத் தமிழில் எழுதித் தாருங்கள்.

இப்படிக்கு,
காசிமேட்டு மீன்காரம்மா ஒருவரின் மகள்