சந்தா முடிந்தாலும் என் கடைப் பதிவுகள் எனக்கு வேண்டும்: பில்லிங் மென்பொருள் கட்டண உயர்வு குறித்த புகார்

அனுப்புநர்:
உரிமையாளர்,
சில்லறை மருந்துக்கடை,
மன்னார்குடி, திருவாரூர் மாவட்டம்.

பெறுநர்:
நிர்வாக இயக்குநர் அவர்கள்,
மருந்துக்கடை பில்லிங் மென்பொருள் நிறுவனம்,
சென்னை.

பொருள்: ஆண்டுச் சந்தாவை 7,500 ரூபாயிலிருந்து 12,000 ரூபாயாக உயர்த்தியதும், சந்தா முடிந்த அன்றே பழைய பதிவுகளைப் பார்க்க விடாமல் பூட்டியதும் தொடர்பாக.

ஐயா,

வணக்கம். 2018 முதல் என் கடையில் உங்கள் மென்பொருளில்தான் பில் போடுகிறோம். அன்றைக்கு ஒரே தவணையில் 15,000 ரூபாய் கொடுத்து வாங்கினேன். வாழ்நாள் உரிமம் என்று ரசீதிலேயே இருக்கிறது. வருடப் பராமரிப்புக் கட்டணத்தை விருப்பம் இருந்தால் கட்டினால் போதும் என்று உங்கள் ஏஜென்ட் சொன்னார். 2023இல் பழைய பதிப்புக்கு இனி அப்டேட் கிடையாது, சந்தாவுக்கு மாற வேண்டும் என்றீர்கள். மாறினேன். முதலில் ஆண்டுக்கு 6,000, அப்புறம் 7,500. இந்த ஆண்டு 12,000. ஜிஎஸ்டி 18 சதவீதமும் சேர்ந்தால் 14,160 ரூபாய். வரியை உள்ளீட்டு வரவாக எடுத்து, நான் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளலாம். அப்படிக் கழிக்க முடியாத காம்பொசிஷன் என்ற எளிய வரித் திட்டத்தில் இருக்கும் சின்னக் கடைக்காரர்களுக்கு அதுவும் கைக்காசுதான்.

விலை ஏறியது ஒரு குறை. அதைவிடப் பெரிய குறை, சந்தா முடிந்த அன்று நீங்கள் செய்த காரியம். அதை முதலில் சொல்கிறேன்.

புதிய கட்டணத்துக்குக் காரணம் கேட்டு உங்கள் உதவி மையத்துக்கு மின்னஞ்சல் அனுப்பியிருந்தேன். பதில் வருவதற்குள் சந்தாத் தேதி முடிந்துவிட்டது. அன்று மாலை, ஆஸ்பத்திரி ஓபி முடிந்து ஆட்கள் வரும் நேரத்தில், திரை முழுக்க ஒரு சிவப்புப் பெட்டி வந்தது. 'சந்தா காலாவதியாகிவிட்டது' என்ற ஒரு வரி, அதன் கீழே பணம் கட்டும் பொத்தான். அதை மூட வழி இல்லை. புது பில் போட முடியாது என்றால் கூடப் புரிந்துகொள்வேன். போன மாத பில்லைத் திறந்து பார்க்கவும் விடவில்லை.

அப்போது கவுன்டரில் நின்றது எங்கள் தெருவில் எல்லாருக்கும் தெரிந்த ஒரு வயதான அம்மா. மாதாமாதம் சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை வாங்குபவர். சீட்டு கொண்டுவர மாட்டார். "போன மாசம் குடுத்த அதே மாத்திரைதான் தம்பி" என்பார். அவர் மகனின் செல்போன் எண்ணைத் தட்டினால் பழைய பில் வந்துவிடும். அன்று வரவில்லை. டெல்மிசார்டன் 40ஆ, 80ஆ என்று எனக்கு நிச்சயமில்லை. ஊகத்தில் பிரஷர் மாத்திரை கொடுக்க முடியாது. மகனுக்குப் போன் போட்டு, அவர் வேலை முடிந்து வீட்டுக்குப் போய் அட்டையைப் படம் எடுத்து அனுப்பும் வரை அந்த அம்மா கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பின்னால் நின்றவர்களுக்கு, பேட்ச் எண்ணும் காலாவதித் தேதியும் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, என் கடைப்பெண் கையால் பில் எழுதினாள். மறுநாள் நான் 14,160 ரூபாய் கட்டினேன். விலையை ஒப்புக்கொண்டு கட்டிய பணம் அல்ல அது. கடை ஓட வேண்டும் என்பதற்காகக் கட்டினேன்.

மருந்துக்கடைக்கு உங்கள் மென்பொருள் வெறும் பில் மெஷின் இல்லை என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். டாக்டர் சீட்டுக்கு மட்டும் விற்று, தனியாகக் கணக்கு வைக்க வேண்டிய எச்1 அட்டவணை மருந்துகளை எடுத்துக்கொள்ளுங்கள். செஃபிக்ஸிம், டிரமடால், அல்ப்ரசோலம் போன்றவற்றை விற்றால் எழுதிக்கொடுத்த டாக்டர் பெயர், முகவரி, நோயாளி பெயர், மருந்தின் பெயர், அளவு எல்லாம் தனிப் பதிவேட்டில் ஏற வேண்டும். அதை மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். மருந்து ஆய்வாளர் எந்த நேரத்தில் வந்து கேட்டாலும் காட்ட வேண்டும். "எச்1 ரெஜிஸ்டர் தானாகவே ரெடியாகிவிடும்" என்று சொல்லித்தான் உங்கள் ஆட்கள் எங்களிடம் இதை விற்றார்கள். நாங்களும் நோட்டுப் புத்தகத்தை நிறுத்தினோம். சிவப்புப் பெட்டி வந்த அன்று ஆய்வாளர் வந்திருந்தால் நான் எதை எடுத்துக் காட்டியிருப்பேன்? மென்பொருள்காரர் பூட்டிவிட்டார் என்றால் அவர் ஏற்பாரா? உரிமம் என் பெயரில் இருக்கிறது. நடவடிக்கையும் என் மேல்தான் வரும்.

ஜிஎஸ்டி கணக்கும் அப்படித்தான். ஆண்டு அறிக்கைக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வரை கணக்குகளைப் பாதுகாக்க வேண்டும் என்பது சட்டம். நாளைக்கே நான் வேறு மென்பொருளுக்குப் போனாலும் பழைய கணக்கைப் பார்ப்பதற்காக மட்டும் இன்னும் ஆறேழு வருடம் உங்களுக்குச் சந்தா கட்டிக்கொண்டே இருக்க வேண்டுமா? தினமும் பேக்கப் எடுக்கிறோம், பென் டிரைவில் வைத்திருக்கிறோம். ஆனால் அந்தக் கோப்பு உங்கள் மென்பொருளில் மட்டும்தான் திறக்கிறது. பழைய பதிப்பில் எல்லா அறிக்கையையும் எக்செல் கோப்பாக எடுக்க முடிந்தது. புதிய பதிப்பில் அந்த வசதியை இன்னும் விலை கூடிய பிரீமியம் திட்டத்துக்குக் கொண்டுபோய்விட்டீர்கள். வாடகையை ஏற்றுவது வீட்டுக்காரர் உரிமை. குடியிருப்பவரின் பீரோவைப் பூட்டிச் சாவியை வைத்துக்கொள்ள அவருக்கு உரிமை இல்லை.

உதவி மையத்தில் பேசிய பெண், பிடிக்கவில்லை என்றால் வேறு மென்பொருளுக்கு மாறிக்கொள்ளலாம் சார் என்றார். மரியாதையாகத்தான் சொன்னார், அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் மாறுவது எப்படி என்று யோசித்துப் பாருங்கள். ஆயிரக்கணக்கான மருந்துகள். ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று பேட்ச். ஒவ்வொரு பேட்சுக்கும் தனி எம்ஆர்பி, தனி காலாவதித் தேதி. எந்த ஸ்டாக்கிஸ்டிடம் (மொத்த வியாபாரியிடம்) எந்த இன்வாய்ஸில் வாங்கியது என்ற விவரம் இருந்தால்தான் காலாவதிச் சரக்கைத் திருப்பிக் கொடுத்து அதன் தொகையை வரவு வைக்கும் கிரெடிட் நோட் வாங்க முடியும். அந்த விவரம் போனால் சரக்கின் விலையும் போச்சு. கடனுக்கு வாங்கும் வாடிக்கையாளர் கணக்கு வேறு. எக்செல் கோப்புகூடத் தராமல் மாறிக்கொள் என்று சொல்வதில் என்ன அர்த்தம் இருக்கிறது?

உங்கள் வேலைக்கு மதிப்பு இல்லை என்று நான் சொல்லவில்லை. 2025 செப்டம்பர் 22 அன்று ஜிஎஸ்டி விகிதம் மாறியபோது பெரும்பாலான மருந்துகள் 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதத்துக்கு வந்தன, சில உயிர்காக்கும் மருந்துகளுக்கு வரியே இல்லாமல் போனது. அலமாரியில் இருந்த பழைய எம்ஆர்பி அட்டைகளையும் குறைந்த விலைக்கே விற்க வேண்டியிருந்தது. அந்த மாற்றத்தை நேரத்துக்குத் தந்தீர்கள். முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை. அன்று இரவு வெகுநேரம் வரை உங்கள் நிறுவனத்துப் பையன் ஒருவர் தொலைபேசியிலேயே இருந்து பழைய சரக்குக்கெல்லாம் புது விலை ஏற்றிக் கொடுத்தார். அந்த வேலைக்குக் காசு கொடுக்க எனக்குத் தயக்கமே இல்லை. சட்டம் மாறும்போது உடனே மாற்றித் தருவதற்குத்தான் சந்தா என்றால், அது நியாயமான சந்தா.

ஆனால் 7,500 ரூபாய் ஒரே வருடத்தில் 12,000 ஆவது 60 சதவீத உயர்வு. நான் விற்கும் சரக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். விலைக் கட்டுப்பாட்டு அட்டவணையில் இல்லாத மருந்துக்குக்கூட, கம்பெனி எம்ஆர்பியை 12 மாதத்தில் 10 சதவீதத்துக்கு மேல் ஏற்றக்கூடாது என்று 2013ஆம் ஆண்டின் மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணை சொல்கிறது. அட்டவணையில் உள்ள மருந்துக்கு, கடைக்காரர் லாபம் 16 சதவீதம் என்று கணக்குப் போட்டுத்தான் உச்சவிலையையே வைக்கிறார்கள். அந்த வரம்புக்குள் நின்று, ஆன்லைன் மருந்துக்கடைகள் தரும் தள்ளுபடிக்கும் ஈடுகொடுத்துத்தான் நான் பிழைக்க வேண்டும். உங்களைப் போல நினைத்த விலையை எழுதிக்கொள்ள என்னால் முடியாது.

உயர்வுக்கு நீங்கள் சொல்லும் காரணம் கிளவுட் பேக்கப்பும் ஏஐ உதவியாளரும். இரண்டையும் நான் கேட்கவில்லை. என் நோயாளிகளின் மருந்து விவரம் எங்கோ ஒரு சர்வரில் போய்ச் சேர்வதில் எனக்கு விருப்பமும் இல்லை. அந்த ஏஐயிடம் நான் கேட்டதற்கு வந்த பதில் எல்லாம் கடையில் ஒன்றரை வருடம் வேலை பார்த்த பெண்ணுக்கு ஏற்கெனவே தெரிந்தது. வேண்டாம் என்பவர்களுக்கு இவை இல்லாத திட்டம் உண்டா என்று கேட்டேன். இப்போது ஒரே திட்டம்தான் என்றார்கள்.

இப்படி ஏஐயைச் சேர்த்து விலை ஏற்றியது வெளிநாட்டில் எப்படி முடிந்தது என்பதை உங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன். மைக்ரோசாஃப்ட் நிறுவனம் கோபைலட் என்ற ஏஐ வசதியைச் சேர்த்து வீட்டு உபயோகச் சந்தாக்களின் விலையை ஏற்றியது. அது இல்லாத பழைய விலைத் திட்டமும் இருக்கிறது என்பதைத் தெளிவாகச் சொல்லவில்லை என்று ஆஸ்திரேலியப் போட்டி மற்றும் நுகர்வோர் ஆணையம் 2025 அக்டோபரில் வழக்குப் போட்டது. அடுத்த மாதமே அந்த நிறுவனம் வாடிக்கையாளர்களிடம் மன்னிப்புக் கேட்டு, பழைய திட்டத்துக்குத் திரும்புபவர்களுக்குக் கூடுதல் பணத்தைத் திருப்பித் தருவதாக எழுதியது. நீங்களோ அப்படி ஒரு திட்டத்தையே வைக்கவில்லை.

உயர்வை அறிவித்த விதமும் சரியில்லை. வாட்ஸ்அப்பில் வந்தது புதிய வசதிகளைப் பற்றிய ஒரு வண்ணப் படம். அதில் விலை இல்லை. பணம் கட்டும் பக்கத்துக்குப் போன பிறகே 12,000 என்று தெரிகிறது, கடைசிப் படியில்தான் வரி சேர்கிறது. இப்படி விலையைக் கடைசியில் காட்டுவதையும், சந்தாவில் சிக்கவைப்பதையும் இருண்ட உத்திகள் என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வெளியிட்ட வழிகாட்டுதல்கள் தடை செய்திருக்கின்றன.

வியாபாரத்துக்காக வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்று உங்கள் வழக்கறிஞர் சொல்லலாம். சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டும் வாங்கிப் பயன்படுத்துபவரும் நுகர்வோர்தான் என்று 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலேயே விளக்கம் இருக்கிறது. கடையில் காலை முதல் இரவு வரை நிற்பது நானும் என் மனைவியும் ஒரு உதவிப் பெண்ணும்தான்.

நான் எதிர்பார்ப்பது இவை. சந்தா இருந்தாலும் இல்லாவிட்டாலும், என் பழைய பில், எச்1 பதிவேடு, கொள்முதல், ஜிஎஸ்டி அறிக்கைகளைப் பார்க்கவும் அச்செடுக்கவும் எக்செல் கோப்பாக எடுக்கவும் வழி வேண்டும். இதற்குத் தனிக் கட்டணம் கூடாது. மற்ற எதிலும் நான் விட்டுக்கொடுத்துப் பேசத் தயார், இதில் இல்லை. அடுத்து, கிளவுடும் ஏஐயும் இல்லாத அடிப்படைத் திட்டத்தைத் திரும்பக் கொண்டுவாருங்கள். அதற்கு 7,500க்கு மேல் 10 சதவீதம் கூட்டி 8,250 ரூபாய் கேட்டால் தருகிறேன். இந்த ஆண்டு நான் கட்டியதில் மீதி 3,750 ரூபாயையும் அதற்கான வரியையும் திருப்பிக் கொடுங்கள். இனி விலை ஏறினால் சந்தா முடிவதற்கு இரண்டு மாதம் முன்பே, வரியோடு சேர்த்த மொத்தத் தொகையைப் போட்டு, எழுத்து மூலம் சொல்லுங்கள். சந்தா முடிந்த பிறகும் பதினைந்து நாளாவது பில் போட விடுங்கள். ஒரு மருந்துக்கடையைச் சாயங்கால நேரத்தில் திடீரென்று நிறுத்தினால் பாதிக்கப்படுவது நான் மட்டும் இல்லை.

2018 ரசீது, கடந்த மூன்று சந்தா ரசீதுகள், சிவப்புப் பெட்டி வந்த திரையின் படம், பதில் வராத என் மின்னஞ்சல் ஆகியவற்றின் நகல்களை இத்துடன் அனுப்புகிறேன். கடிதம் கிடைத்த 30 நாளுக்குள் எழுத்து மூலமான பதில் வேண்டும். வராவிட்டால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் இருப்பதால் புகார்க் கட்டணமும் கிடையாது. இதே மென்பொருளை வைத்திருக்கும் எங்கள் பகுதி மருந்துக்கடைக்காரர்கள் சிலரிடமும் இந்தக் கடிதத்தைக் காட்டியிருக்கிறேன். அவர்களும் உங்கள் பதிலுக்காகக் காத்திருக்கிறார்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
மருந்துக்கடை உரிமையாளர்,
மன்னார்குடி.