நம்ம பட்டறை சங்கத்தோட ஆண்டறிக்கை: புகை உறிஞ்சி வேலையும் மத்ததும்

எல்லாருக்கும் வணக்கம். வரவு செலவ பொருளாளர் தனியா படிப்பாரு, புது மெம்பர் சேர்க்கை, டூல்ஸ் ரிப்பேர் எல்லாம் வழக்கம்போல நடந்துச்சு. நான் விரிவா சொல்லணும்னு நெனைக்கிறது சால்டரிங் (ஈயம் கலந்த கம்பிய உருக்கி ஒட்டற வேலை) டேபிளுக்கு நாமளே செஞ்சு மாட்டுன புகை உறிஞ்சியப் பத்திதான்.

சால்டர் வைக்கும்போது வர்ற புகைய ஈயப் புகைன்னு நிறைய பேர் நெனைக்கிறாங்க. ஈயம் கொதிக்கவே 1,749 டிகிரி செல்சியஸ் வேணும், நம்ம சால்டரிங் அயர்ன் சூடு 350 பக்கம்தான். கண்ணுக்குத் தெரியற புகை ஃப்ளக்ஸ்ல (ஈயம் நல்லா ஒட்டறதுக்காக சேர்க்கற பொருள்) இருக்கற ரோசினோடது, அதாவது பைன் மரப் பிசினோடது, அது லேசுப்பட்டது இல்ல, தொடர்ந்து மூச்சுல போனா ஆஸ்துமா வரலாம், ஒருதடவ உடம்புக்கு ஒத்துக்காம போயிட்டா அப்புறம் கொஞ்சூண்டு புகையே போதும் இழுப்பு வர. ஈயம் கையில ஒட்டித்தான் வயித்துக்குப் போகும், அதனால வேல முடிஞ்சதும் கை கழுவுறத யாரும் விட்டுடாதீங்க.

டிசைன் பேசும்போது பெரிய ஃபேனா போடலாம்னு நிறைய பேர் சொன்னாங்க. ஆனா ஊதுற காத்து தூரம் போகும், உறிஞ்சுற காத்து அப்படி இல்ல. 100 மில்லிமீட்டர் பைப்னா வாயிலேர்ந்து 10 சென்டிமீட்டர் தள்ளுனாலே இழுக்கற வேகம் பத்துல ஒரு பங்குக்கும் கீழ போயிடும். அதனால ஃபேன விட பைப் வாய வேலைக்கு எவ்ளோ கிட்ட கொண்டு வரலாம்ங்கறதுலதான் கமிட்டி மெனக்கெட்டுச்சு, இஷ்டத்துக்கு வளைச்சு நிறுத்தற மாதிரி ஒரு கை செஞ்சு, பைப் வாய சுத்தி அகலமா ஒரு தகடு வளையமும் வெச்சோம், பின்பக்கத்து சுத்தமான காத்த அது வீணா இழுக்காது.

கம்ப்யூட்டர் ஃபேனால ஃபில்டர் வழியா காத்த இழுக்க முடியாம திணறிடும், அதனால சென்ட்ரிஃபியூகல் ப்ளோயர் (சக்கரம் சுத்தி காத்த பக்கவாட்டுல வேகமா தள்ளற வகை) போட்டோம். முதல்ல தூசி ஃபில்டர், அடுத்து ஹெப்பா (ரொம்பப் பொடி துகளப் பிடிக்கற ஃபில்டர்), அப்புறம் ஆக்டிவேட்டட் கார்பன், கடைசியிலதான் ப்ளோயர். ஹெப்பா துகள மட்டும்தான் பிடிக்கும், 0.3 மைக்ரான் அளவுல 99.97 சதவீதம், வாயுவையும் வாடையையும் பிடிக்கறது கார்பன். ஃபில்டர் ஓரத்துல இடுக்கு இருந்தா காத்து அந்த வழியாவே ஓடிடும், அப்புறம் எவ்ளோ நல்ல ஃபில்டர் போட்டும் பிரயோஜனமில்ல, சுத்தி ஃபோம் ஒட்டி இறுக்குன மெம்பர்களுக்கு சங்கத்தோட நன்றி.

வாடை திரும்ப வந்தா கார்பன் நிறைஞ்சிடுச்சுன்னு அர்த்தம், இழுவை குறைஞ்சா முதல்ல தூசி ஃபில்டர பாருங்க. ரெண்டையும் பக்கத்துல தொங்கற நோட்டுல எழுதிடுங்க.

தின்னர், ஸ்ப்ரே பெயிண்ட் வேலைக்கு இத போடவே கூடாது, மோட்டார் தீப்பொறியில ஆவி பத்திக்கும். கிரைண்டிங், வெல்டிங் பொறி உள்ள போனா ஃபில்டரே எரியும்.

வெல்டிங் பக்கத்துக்கு தனியா, புகைய நேரா வெளிய தள்ளற மாதிரி ஒண்ணு அடுத்த வருஷம் செய்யணும்னு கமிட்டி கேக்குது. வெளிய எவ்ளோ காத்து போகுதோ அவ்ளோ உள்ளயும் வரணும், அதனால எதிர்ப்பக்க ஜன்னல திறக்கற மாதிரி மாத்தறதையும் சேத்தே தீர்மானமா வெக்கிறேன்.