பந்தயத்துக்கு முதல் நாள் லாடம் அடிக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எங்கள் பக்கம் நடந்த குதிரை வண்டிப் பந்தயத்தில் ஒரு குதிரை பாதி வழியிலேயே காலைத் தாங்கி நின்றுவிட்டது. சாட்டையால் அடித்ததால்தான் நின்றது என்று கூட்டம் சாரதியைத் திட்டியது. மூன்றாம் நாள் அந்தக் குதிரையை என்னிடம் கொண்டுவந்தார்கள். முன் இடது குளம்பைத் தொட்டால் அடுப்புக்கல் மாதிரிச் சுட்டது. லாடத்தைக் கழற்றினேன். வெளிப்பக்கம் மூன்றாவது ஆணி சீழோடு வந்தது. பந்தயத்துக்கு முதல் நாள் சாயங்காலம், மாட்டுக்கு லாடம் கட்டுகிறவரைக் கூப்பிட்டு அவசரமாக அடித்திருக்கிறார்கள்.

மாட்டு லாடத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. மாட்டுத்தாவணியில் மாடு விற்ற காலத்தில் என் அப்பா அங்கே லாடம் கட்டியவர்தான். மாட்டுக் குளம்பு பிளந்தது. காலுக்கு இரண்டு தகடு, மொத்தம் எட்டு. கயிறு போட்டுச் சாய்த்து, நாலு காலையும் சேர்த்துக் கட்டி வேலையை முடிக்கலாம். குதிரைக்கு அது ஆகாது. நின்றபடியே ஒரு காலைத் தூக்கி, நம் தொடை இடுக்கில் வைத்துக்கொண்டு அடிக்க வேண்டும்.

குளம்பின் அடியைச் சுத்தமாகச் சீவினால் ஓரத்தில் வெளிறிய கோடு ஒன்று தெரியும். ஆணி அந்தக் கோட்டுக்கு வெளியே ஏற வேண்டும். ஒரு நெல் அகலம் உள்ளே போனாலும் உயிர்ச்சதைதான். ஆணி முனையில் ஒரு பக்கம் சரிவு இருக்கும். சரிவு உள்பக்கம் பார்த்தால் முனை வெளியே வளைந்து வரும், திருப்பி வைத்தால் சதைக்குள் போகும். கெட்டியில் ஏறும் ஆணி 'டங்' என்னும், மெத்தென்ற இடத்தில் ஏறினால் சத்தம் செத்துவிடும். காது கேட்காதவன் இந்த வேலைக்கு வரக்கூடாது என்பார் அப்பா. இன்னொன்று, குளம்பின் பின்பாதியில் ஆணியே கூடாது. ஊன்றும்போது குதிகால் விரிய வேண்டும்.

எல்லாக் குதிரைக்கும் ஒரே லாடம் என்பதும் தப்பு. புல்தரையில் ஓடும் ரேஸ் குதிரைக்கு அலுமினிய லாடம் போடுவதைச் செல்போனில் பார்த்துவிட்டு, பையன்கள் தார்ரோட்டில் ஓடும் வண்டிக் குதிரைக்கும் அதையே கேட்கிறார்கள். ரோட்டுக்கு இரும்புதான் தாங்கும். கல்யாண ஊர்வலத்துக்கு வருகிற, காது நுனி உள்ளே வளைந்த மார்வாரிக் குதிரைக்குத் தேய்ந்து வழவழப்பான லாடத்தை விட்டுவைத்தால் மண்டபத்து கிரானைட் வாசலில் மாப்பிள்ளையோடு சறுக்கும். மண்ணிலேயே நடக்கும் மட்டக்குதிரைக்கு லாடமே வேண்டாம், மாதம் ஒருமுறை அரம் போட்டால் போதும். (ஐயனார் கோயில் மண்குதிரைகளைப் பற்றி மட்டும் எனக்குக் கவலை இல்லை.)

லாடம் சின்னதாக இருக்கிறதென்று குளம்பைச் சுற்றி அராவுவதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. செருப்புக்காகக் காலைத் தறிப்பார்களா? குளம்பு மாதத்துக்கு 6 முதல் 10 மில்லிமீட்டர் வளரும். "லாடம் இன்னும் நல்லாத்தானே இருக்கு" என்று நாலு மாதம் விட்டால், முன்பக்கம் நீண்டு பின்நரம்பு இழுபடும். 6 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறை கழற்றி, சீவி, திரும்ப அடிக்க வேண்டும். தேயாத பழைய லாடத்தையே மறுபடி அடிக்கலாம், செலவு ஒன்றும் பெரிதில்லை.

பந்தயம் நடத்தும் விழாக் கமிட்டியாருக்கு என் வேண்டுகோள்: பெரிய குதிரையோ சின்னக் குதிரையோ, வண்டி பூட்டும் முன் நாலு காலையும் தூக்கிப் பாருங்கள். முந்தைய ஒரு வாரத்துக்குள் புது லாடம் அடித்திருந்தால் ஓடவிடாதீர்கள். ஆணி பட்ட குதிரைக்கு மஞ்சளை அப்பிவிட்டு உட்காராமல், கால்நடை மருத்துவரிடம் ரணஜன்னி (டெட்டனஸ்) ஊசி போடுங்கள். அந்த நோய்க்குக் குதிரை மாதிரிச் சீக்கிரம் சாகிற பிராணி கிடையாது.

கால்நடைத் துறை இந்த வேலைக்குப் பத்து நாள் பயிற்சி வைத்தாலும் புண்ணியம். என் மகன் கொரியர் வண்டி ஓட்டுகிறான், அவனுக்கு இதில் இஷ்டமில்லை. கற்றுக்கொள்ள யாராவது வந்தால் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் சொல்லித் தருகிறேன். காசு வேண்டாம். குதிரை உதைத்தால் மட்டும் என்னைக் கேட்கக் கூடாது.

இப்படிக்கு,
லாடம் கட்டும் தொழிலாளி,
மேலூர், மதுரை மாவட்டம்.