2004-ஐ மட்டும் சொல்லி உங்களை முடித்துவிடுகிறார்கள், ஸ்தெஃபனோவா

அன்புள்ள அந்தோவானெத்தா ஸ்தெஃபனோவா அவர்களுக்கு,

செஸ் பார்க்கிற நண்பர்களிடம் உங்கள் பெயரைச் சொன்னால் உடனே வருவது 2004, ரஷ்யாவின் எலிஸ்டா, பெண்கள் உலக சாம்பியன். அதோடு பேச்சு முடிந்துவிடும். கொஞ்சம் விவரம் தெரிந்தவராக இருந்தால், "அது நாக்-அவுட் ஆச்சே, தோற்றவர் உடனே வெளியே, லாட்டரி மாதிரி" என்று ஒரு வாலையும் ஒட்டிவிடுவார். அந்த வால்தான் எனக்கு எரிச்சல், அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

எலிஸ்டா போட்டியை இங்கே பலரும் நம் கோனேரு ஹம்பிக்காகத்தான் கவனித்தோம். அரையிறுதியில் அவர் ரஷ்யாவின் கோவலெவ்ஸ்கயாவிடம் தோற்றதும் பாதிப் பேர் கடையைக் கட்டிவிட்டார்கள். இன்னொரு பக்கம் நீங்கள், பல ஆண்டுகள் உலக சாம்பியனாக இருந்த மாயா சிபுர்தானிட்ஸேவைத் தாண்டி இறுதிக்கு வந்து, அதே கோவலெவ்ஸ்கயாவை 2.5–0.5 என்று முடித்ததை நான் பிறகுதான் ஆட்டம் ஆட்டமாகப் போட்டுப் பார்த்தேன். நான்கு ஆட்டங்களுக்குத் திட்டமிட்ட இறுதிக்கு மூன்றே போதுமாக இருந்தது. லாட்டரியாம்!

உங்கள் ஆட்டத்தில் எனக்குப் பிடித்தது அந்த லண்டன் சிஸ்டம். வெள்ளைக் காய்களுடன் டி4, பிஷப்பை எஃப்4-இல் வெளியே எடுத்து வைப்பது, அப்புறம் இ3, சி3 என்று சிப்பாய்களை முக்கோணமாக நிறுத்துவது. அந்தக் காலத்தில் இதைக் கிளப்பில் மாலை நேரம் போக்கும் மாமாக்களின் ஓப்பனிங் என்றுதான் நினைப்பார்கள். எதிராளி இருபது நகர்வு வரை மனப்பாடம் செய்து வந்திருப்பார், நீங்கள் இரண்டாவது நகர்விலேயே அதைக் குப்பையில் போட்டுவிட்டு, "சரி, இனி இரண்டு பேரும் சொந்த மூளையில் ஆடலாம்" என்று உட்கார்ந்துவிடுவீர்கள். பின்னாளில் கார்ல்சன் கையில் எடுத்ததும் லண்டன் திடீரென்று மரியாதைக்குரியதாகிவிட்டது, அது வேறு கதை.

உங்கள் பயணம் 2004-இல் ஆரம்பிக்கவும் இல்லை. சோஃபியாவில் நான்கு வயதில் அப்பா காய்களைக் காட்டிக்கொடுத்தார், 1989-இல் புவேர்ட்டோ ரிக்கோவில் பத்து வயதுக்குட்பட்ட சிறுமியர் உலகப் பட்டம், 1992-இல் பதின்மூன்று வயதில் மணிலா செஸ் ஒலிம்பியாட். 2000-இல் இஸ்தான்புல் ஒலிம்பியாடில் உங்கள் நாட்டு நட்சத்திரம் டோபலோவோடு சேர்ந்து பல்கேரியாவின் ஆண்கள் அணியிலேயே ஆடினீர்கள், அப்போது ஜூடித் போல்கரைத் தவிர அந்த உயரத்தில் எத்தனை பெண்களுக்கு அப்படி இடம் கிடைத்தது? 2002-இல் சொந்த நாட்டு வர்னாவில் ஐரோப்பிய சாம்பியன், அதே ஆண்டு கிராண்ட்மாஸ்டர். அது பெண்களுக்கென்று தனியாகத் தரும் பட்டம் அல்ல, முழு கிராண்ட்மாஸ்டர்.

இன்னொன்று சொன்னால் பலர் நம்புவதில்லை. 2005 அக்டோபரில் டோபலோவ் சான் லூயிஸில் ஃபிடே (சர்வதேச செஸ் கூட்டமைப்பு) உலகப் பட்டம் வென்றதிலிருந்து 2006 மார்ச்சில் யெகாத்தரின்பர்க்கில் உங்கள் பட்டம் கைமாறும் வரை, ஒரு கோடி மக்கள்கூட இல்லாத பல்கேரியாவிடம் ஃபிடேயின் இரண்டு உலகப் பட்டங்களும் இருந்தன.

ஆனால் என்னைக் கேட்டால், உங்கள் பெரிய ஆட்டம் தோற்ற இறுதியில்தான் இருக்கிறது. 2012, ரஷ்யாவின் காந்தி-மான்ஸிஸ்கில் நடந்த பெண்கள் உலக சாம்பியன் போட்டி. எட்டு ஆண்டு கழித்து, அதே "லாட்டரி" முறையில், மறுபடி இறுதி. வழியில் எங்கள் ஹரிகாவையும் அரையிறுதியில் வீட்டுக்கு அனுப்பினீர்கள் (அன்றைக்கு உங்கள் மேல் கொஞ்சம் கோபம்தான், மறைப்பானேன்). இறுதியில் உக்ரைனின் உஷெனினாவிடம் இரண்டாவது ஆட்டத்தை இழந்து, மூன்றாவதும் டிராவாகி, நான்காவதில் ஜெயித்தே ஆகவேண்டும், டிரா என்றால்கூடக் கதை முடிந்தது என்ற நிலையில் உட்கார்ந்து ஜெயித்தீர்கள். சமநிலையை முறிக்க ஆடிய வேக ஆட்டங்களில் (டை-பிரேக்) பட்டம் போனது. போகட்டும். அதிர்ஷ்டத்தால் சாம்பியன் ஆனவர் எட்டு வருடம் கழித்து அந்த நாற்காலிக்குத் திரும்ப வரமாட்டார். அதே ஆண்டு பட்டுமியில் பெண்கள் உலக ரேபிட் (வேகச் செஸ்) பட்டமும் உங்களுக்குத்தான்.

அதற்குப் பிந்தைய ஆண்டுகளைப் பற்றி அதிகம் எழுத மனமில்லை. உங்கள் நாட்டுச் செஸ் கூட்டமைப்பு ஐரோப்பிய செஸ் யூனியனோடு பணத் தகராறில் சிக்கி, பல்கேரிய வீரர்கள் சொந்தக் கொடி இல்லாமல் ஆட வேண்டி வந்தது. நிர்வாகிகள் போடுகிற சண்டைக்கு ஆடுகிறவர்கள் கட்டுகிற அபராதம் அது, எல்லா நாட்டிலும் பார்க்கிறோம்.

2023 நவம்பரில் மான்டினீக்ரோவின் புத்வாவில் பல்கேரியப் பெண்கள் அணி ஐரோப்பிய அணிகள் போட்டியில் தங்கம் வென்றபோது உங்களுக்கு 44 வயது. கூட ஆடிய நுர்கியுல் சலிமோவாவுக்கு நீங்கள் எலிஸ்டாவில் ஜெயித்தபோது ஒரு வயது! அதே ஆண்டுதான் அவர் பாகுவில் உலகக் கோப்பையின் இறுதிவரை போய், அடுத்த ஆண்டு உலக சாம்பியனோடு மோதுபவரைத் தேர்ந்தெடுக்கும் டொராண்டோ கேண்டிடேட்ஸ் போட்டியில் எங்கள் சென்னை வைஷாலியோடெல்லாம் மோதினார். அந்த வயதுப் பெண்களோடு ஒரே அணியில், பயிற்சியாளராக ஓரமாக நிற்காமல், பலகை முன் உட்கார்ந்து புள்ளி எடுத்துக்கொடுப்பது சாதாரண விஷயமில்லை.

ஒரே ஒரு வேண்டுகோள். காந்தி-மான்ஸிஸ்க் நான்காவது ஆட்டத்தை நீங்களே நகர்வு நகர்வாக விளக்கி ஒரு வீடியோ போடுங்கள், பல்கேரிய மொழியில் இருந்தாலும் பரவாயில்லை, நகர்வுகளை வைத்துப் புரிந்துகொள்கிறோம்.

அன்புடன்,
உங்கள் லண்டனை ஆடித் தோற்றுக்கொண்டிருக்கும் ஒரு ரசிகன்